எருவும் ஒரு வாக்கியமும்

1

'எதுவும் வீணில்லை' என்ற வாக்கியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாட்களாக எனக்கு ஒரு எண்ணம். ஆறுதல் சொல்ல வருபவர்கள் இதைச் சொல்கிறார்கள். தோற்றுப்போன இயக்கத்திலிருந்து வெளியே வந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். வேதாந்தி ஒரு அர்த்தத்திலும் பௌதிகம் படித்தவன் வேறொரு அர்த்தத்திலும் சொல்ல, நமது கவிஞர்களில் பலர் இரண்டு அர்த்தத்திலும் சேராமல் ஒரு இசைக்காகச் சொல்கிறார்கள். இந்த வாக்கியம் எங்கே உண்மை, எங்கே பொய் என்று பிரித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். அந்த இடமாக நான் எருக்குழியை எடுத்துக்கொள்கிறேன். உவமையாக எடுத்துக்கொள்ளவில்லை. உவமைகளைப் பற்றிக் கடைசியில் பேச வேண்டியிருக்கிறது. சாணியும் மூத்திரமும் வைக்கோல் கூளமும் மக்கி வயலுக்குப் போகிற, கொல்லையில் தோண்டிய ஸ்தூலமான குழியைத்தான் சொல்கிறேன்.

இலக்கியப் பத்திரிகையில் சாணிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வள்ளுவர் உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குறள்களில் எருவைத் தொடுகிறார். ஒன்றில், புழுதி கால் பங்காகக் காயும்படி உழுது போட்டால் ஒரு பிடி எருவும் வேண்டியதில்லை என்கிறார். அடுத்ததிலேயே, உழுவதைவிட எருப் போடுவது மேல் என்கிறார். இரண்டையும் சமாதானப்படுத்திவிடுவது சிரமமில்லை. எனக்கென்னவோ அந்த முரண் தீராமல் நிற்பதே சரி என்று படுகிறது. மண் தன்னிடம் உள்ளதைக் கொண்டே தரும் என்ற நம்பிக்கையும், கொடுக்காமல் எடுத்துக்கொண்டே இருக்கலாகாது என்ற பயமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. விக்டர் ஹ்யூகோ, 1862இல் வெளிவந்த 'லே மிஸராப்ள்' நாவலில், ஜான் வல்ஜான் பாரிஸின் சாக்கடைக்குள் இறங்குகிற கட்டத்தில் கதையை நிறுத்திவிட்டு, அந்த நகரம் வருஷத்துக்கு இரண்டரைக் கோடி ஃப்ராங்க்கைத் தண்ணீரில் கொட்டுகிறது என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார். கழிவை வயலுக்கு அனுப்பாமல் கடலுக்கு அனுப்புவதன் விலை அது. நாவலின் உருவம் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகலாம். கணக்கெழுதிப் பிழைக்கும் என்னால் தள்ள முடியவில்லை.

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: குப்பை. நகரத்தில் குப்பை என்றால் வேண்டாதது. கிராமத்தில், 'இந்த வருஷம் எத்தனை வண்டி குப்பை அடிச்சே?' என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டால், அது அவருடைய வசதியைப் பற்றிய விசாரணை. ஒரே சொல்லுக்கு ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு அர்த்தங்கள். இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே இருப்பது சில மாத காலமும் யாரோ ஒருவரின் உடலுழைப்பும். 'எதுவும் வீணில்லை' என்று நாம் சொல்லும்போது வாக்கியத்தில் இடம் பெறாமல் போகிறவை இவை இரண்டுமே. இந்தக் கட்டுரை முழுவதும் அவற்றைத் திரும்ப வாக்கியத்துக்குள் கொண்டுவரும் முயற்சிதான்.

2

பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் தாதுக்களைத் திருப்பித் தராவிட்டால் மண் ஓட்டாண்டியாகிவிடும் என்பதை ரசாயனக் கண் கொண்டு பார்த்தவர் ஜெர்மானியரான லீபிக். 1840இல் வந்த தம் நூலின் 1862ஆம் வருஷத்துப் பதிப்பில் அவர் இங்கிலாந்தின் விவசாயத்தைக் கொள்ளை என்றே சொன்னார். தன் மண்ணின் சத்தை நகரச் சாக்கடைகளில் விட்டுவிட்டு, அதை ஈடுகட்ட ஐரோப்பாவின் பழைய போர்க்களங்களிலிருந்துகூட அது எலும்புகளை வாரிக்கொள்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. பெரு நாட்டுக் கடற்கரைத் தீவுகளிலிருந்து பறவை எச்சம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அதை வெட்டி எடுத்தவர்களில் பெரும்பங்கினர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட சீனர்கள். மார்க்ஸ் 1867இல் 'மூலதன'த்தில் லீபிக்கின் இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு, மனிதனுக்கும் மண்ணுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலையே முதலாளித்துவம் அறுத்துவிடுகிறது என்றார். நமது மார்க்ஸியர்களின் பேச்சில் அதிகம் அடிபடாத பக்கங்கள் இவை.

இந்தியாவில், இந்தோரில் 1924 முதல் 1931 வரை ஆல்பர்ட் ஹோவார்ட் செய்த வேலை தெரிந்ததே. தொழுவத்துச் சாணி, மூத்திரம் ஊறிய தொழுவ மண், களை, சருகு, பயிர்த் தட்டை, சாம்பல் இவற்றை அடுக்கி, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டி, மூன்று மாதத்தில் மக்கிய எருவாக்கும் முறையை ஒழுங்கு செய்து, யஷ்வந்த் வாட் என்ற சகாவுடன் 1931இல் புத்தகமாக வெளியிட்டார். இதன் பின்னால் உள்ள தத்துவத்தை அவர் 'திருப்பித் தரும் விதி' என்று அழைத்தார். தஞ்சாவூரில் 1892இல் பிறந்து லண்டனில் கணக்குத் தணிக்கை படித்த ஜே.சி. குமரப்பா, 1940களில் சிறையிலிருந்தபடி நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதிய நூலில், தேக்கத்திலிருந்து எடுத்துத் தீர்த்துவிடும் பொருளாதாரம் ஒன்று, ஓட்டத்திலிருந்து எடுத்து வாழும் பொருளாதாரம் ஒன்று என இரண்டாகப் பிரித்தார். ஒரு ஆடிட்டரின் பார்வை இது. முதலையும் வருமானத்தையும் குழப்பிக்கொள்ளாதே என்பதைத்தான் அவர் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் மண்ணுக்கும் சொன்னார்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது. ஒரு பெரியவர் வயலில் கிடை போடுவதற்கும் எரு வாங்குவதற்கும் கடன் கிடைக்குமா என்று கேட்டு வந்தார். "கொட்டேஷன் வேணும், பெரியவரே" என்றேன். "ஆட்டுக்காரன்கிட்ட போயி கொட்டேஷன் குடுன்னு கேட்டா, கெடையக் கெளப்பிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிருவான் சார்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. பில் இல்லாத பொருள் எங்கள் கணக்கில் பொருளே இல்லை.

ஆனால் அந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்த்தால் எரு தோற்றுத்தான் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்பது வேளாண் துறையின் வழக்கமான சிபாரிசு. தொழு உரத்தில் நைட்ரஜன் ஏறக்குறைய அரை சதவீதம். ஆக, பன்னிரண்டரை டன்னில் 62.5 கிலோ. யூரியாவில் 46 சதவீதம். 45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ. மூன்று மூட்டையில் 62 கிலோவுக்கு மேல் வந்துவிடுகிறது. அதாவது 25 மாட்டு வண்டிப் பாரத்தை ஒருவன் மூன்று மூட்டையாக ஒரு மொபெட்டில் இரண்டு நடையில் கொண்டுபோய்விடலாம். எருவோடு மண்ணுக்குப் போகிற மற்றவற்றை இந்தக் கணக்கு சேர்க்கவில்லை என்பது உண்மை: மண்ணைப் பொலபொலப்பாக்கித் தண்ணீரைப் பிடித்துவைக்கும் மக்கு, நுண்ணுயிர்களின் தீனி, நுண்சத்துகள். ஆனாலும் முதுகொடியப் பாரம் சுமந்தவனுக்கு அந்த மூன்று மூட்டை ஒரு விடுதலையாகத்தான் வந்திருக்கும். இதை ஒப்புக்கொள்ளாமல் இயற்கை விவசாயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தங்கள் நடுமுதுகில் எதையும் சுமந்திராதவர்கள்.

இங்குதான் தார்மீகப் பிரச்னை ஆரம்பிக்கிறது. ஹோவார்டின் 'விதி' என்ற சொல்லில் ஒரு வழுக்கல் இருக்கிறது. காட்டில் உதிர்ந்த இலை மக்கி மண்ணாகிறது என்பது நடக்கிற காரியம். ஆகவே விவசாயி எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும் என்பது கடமை. முன்னதிலிருந்து பின்னதற்கு எந்தப் பாலத்தின் மேல் நடந்து வந்தோம்? ஹ்யூம் கேட்ட கேள்விதான். இலை கடனைத் தீர்ப்பதற்காக உதிரவில்லை. மாடு மண்ணின் மேல் உள்ள கருணையால் சாணி போடவில்லை. காட்டில் எந்த ஜீவனுக்கும் எடுத்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் கிடையாது. எடுத்ததை மூட்டை கட்டி முந்நூறு மைல் தள்ளி ஒரு நகரத்துக்கு அனுப்பவும், மிஞ்சியதைக் கடலில் விடவும் மனிதனால் மட்டுமே முடிகிறது. திருப்பித் தராமலிருக்க முடிகிறவனுக்குத்தான் திருப்பித் தரும் கடமை உண்டு. இயற்கையைப் பார்த்துக் காப்பியடிப்பதால் இந்தக் கடமை வருவதில்லை. இயற்கையிடம் இல்லாத ஒரு சக்தி நம்மிடம் இருப்பதால் வருகிறது.

இதை இன்னொரு கோணத்திலிருந்தும் பார்க்கலாம். ஃப்ரிட்ஸ் ஹாபர் 1909இல் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்துகாட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் அதற்குத் தொழிற்சாலை வந்தது. அதற்கு முன்னால் எருவைத் திருப்பித் தராதவன் பட்டினி கிடந்தான். அங்கே அறத்துக்கு அதிக இடமில்லை, நிர்ப்பந்தம்தான். 1913க்குப் பிறகு, மண்ணுக்குத் தராமலேயே அறுக்கலாம் என்ற நிலைமை, குறைந்தபட்சம் சில தலைமுறைகளுக்காவது, வந்தது. எனவே எருக்குழி ஒரு தார்மீகத் தேர்வாக மாறியது ரசாயன உரம் வந்த பிறகே. பழைய விவசாயியை ஞானியாக்கிப் பாடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவனுக்கு வேறு வழி இருந்ததில்லை. வழி இருக்கிறவர்கள் நாம். பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான்.

பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே அளவுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாணியை வறட்டி தட்டி எரித்துவிடுகிறார்கள், மடையர்கள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் நமது குடியானவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதை விசாரிக்க 1889இல் வந்த வோல்க்கர் என்ற விவசாய ரசாயனி, 1893இல் வெளியான தம் அறிக்கையில் வேறு மாதிரி எழுதினார். விறகு கிடைக்கிற இடத்தில் சாணியை எரிப்பதில்லை, விறகு இல்லாததால்தான் எரிக்கிறார்கள், ஆகவே விறகுக்கு மரம் வையுங்கள் என்றார். அடுப்புக்கு வேறு எதுவும் இல்லாத பெண்ணிடம் போய் மண்ணுக்குள்ள கடனைப் பற்றிப் பேசுவது அநாகரிகம். கடமை, வழி இருப்பவர்களின் பக்கம் தேடிக்கொண்டு போக வேண்டும்.

3

திருப்பித் தருதல் போதுமா? போதாது என்பதை எருக்குழியே காட்டுகிறது. பச்சைச் சாணியை வைக்கோலோடு அப்படியே வயலில் கொட்டினால் மண்ணுக்கு நல்லதைவிடக் கெடுதல் அதிகம் நேரலாம். வைக்கோலில் கரி அதிகம், நைட்ரஜன் குறைவு. அதைத் தின்ன வருகிற நுண்ணுயிர்கள் தங்களுக்குப் போதாத நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளடித்து நிற்கும். சாணியிலிருந்து களை விதைகள் முளைக்கும். கவனியாமல் விட்ட குழியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, அதன் புழு கொழுத்து, வண்டாகித் தென்னங்குருத்தைத் துளைக்கும். நல்லெண்ணத்தோடு திருப்பித் தந்தவனுக்குக் கிடைக்கிற பலன் இது. பெறுகிறவர் பெற்றுக்கொள்ளத்தக்க உருவத்தில் தராதவன் கடனைத் தீர்த்தவனாக மாட்டான்.

மக்குவது என்பது இந்த உருவமாற்றம். கரி முப்பது பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்ற அளவில் ஆரம்பிக்க வேண்டும். பிழிந்த துணி போல ஈரம் வேண்டும். காற்று வேண்டும். இவை சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் குவியலுக்குள் கை வைக்க முடியாத சூடு பிறக்கிறது. 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாட்கள் நின்றால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடுகின்றன. குவியலின் வெளி ஓரம் சூடேறுவதில்லை என்பதால் வெளியே இருப்பதை உள்ளேயும் உள்ளே இருப்பதை வெளியேயும் புரட்டிப் போட வேண்டும். தண்ணீர் மிஞ்சினால் காற்று போய் நாறும். நைட்ரஜன் மிஞ்சினால் அம்மோனியாவாகப் பறந்து போகும். கடைசியில் சாணி சாணியாகத் தெரியாமல், வைக்கோல் வைக்கோலாகத் தெரியாமல், மழை பெய்த மண்ணின் வாசனையோடு ஒரு கறுத்த பொருள் கிடைக்கிறது. குவியல் இப்போது பாதியாகச் சுருங்கியிருக்கும். மீதி கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் போய்விட்டது. எதுவும் வீணில்லை என்ற வாக்கியம் இந்த இடத்திலும் முழு உண்மை இல்லை. நல்ல குழியிலும் பாதி போகிறது.

பிறகு காலம். ஆட்டெரு அந்த வருஷத்துக்கு, மாட்டெரு மறுவருஷத்துக்கு என்று குடியானவர்கள் சொல்வார்கள். மக்கிய எருவின் சத்து ஒரே போகத்தில் பயிருக்குக் கிடைத்துவிடுவதில்லை. மண்ணில் தங்கி, நிதானமாக, அடுத்தடுத்த போகங்களுக்கு வருகிறது. குத்தகைக்காரன் எருப் போடத் தயங்குவதன் காரணம் அவனுடைய சோம்பல் இல்லை. அடுத்த வருஷம் அந்த வயல் அவனிடம் இருக்குமா என்பது அவனுக்கே தெரியாது. நிலைத்த விவசாயம் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். நிலத்தின் மேல் நிலைத்த பாத்தியதை இல்லாதவனிடம் நிலைத்த விவசாயத்தை எதிர்பார்ப்பது, வாடகை வீட்டுக்காரனிடம் மாமரம் நடச் சொல்வது போன்றது.

இந்தோர் முறையில் புரட்ட வேண்டும். பெங்களூரில் சி.என். ஆச்சார்யா உருவாக்கிய முறையில் புரட்டும் வேலை இல்லை. நகரத்துக் குப்பையையும் மலத்தையும் அடுக்கடுக்காகக் குழியில் இட்டு மூடிவிட வேண்டியதுதான். ஆனால் மக்க ஆறு எட்டு மாதம் ஆகும். உழைப்பைக் குறைத்தால் காலம் அதிகமாகிறது. காலத்தைக் குறைத்தால் உழைப்பு அதிகமாகிறது. இரண்டையும் தராமல் எருவைப் பெறும் மூன்றாவது முறை ஒன்று நமது சமூகத்தில் நெடுங்காலம் இருந்தது. அதுதான் அடுத்தவனைக் கொண்டு புரட்டவைப்பது.

4

எஃப்.எச். கிங் என்ற அமெரிக்க மண்ணியல் பேராசிரியர் சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய நூல் 1911இல் வந்தது. இயற்கை விவசாயக்காரர்கள் அதை வேதம் போல் வைத்திருக்கிறார்கள். ஹோவார்டும் அதிலிருந்து கற்றவர். அதில் ஒரு தகவல்: 1908இல் ஷாங்காய் நகரின் வெளிநாட்டவர் பகுதியில், வீடுகளிலிருந்து மலத்தை எடுத்துச் செல்லும் உரிமைக்கு ஒரு சீன கான்ட்ராக்டர் 31,000 டாலருக்கு மேல் பணம் கொடுத்தார். எடுத்தது 78,000 டன். எடுத்துப்போவதற்குப் பணம் கொடுத்தார் என்பதில் கிங்குக்கு உண்டான வியப்பு நமக்கும் உண்டாகிறது. ஆனால் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிக்கிறவன் வியப்போடு நிறுத்திக்கொள்ள முடியாது. விடிவதற்கு முன் வீடு வீடாகப் போய் வாளியைத் தூக்கியது யார் என்று அவன் கேட்டாக வேண்டும். ஏனென்றால் இங்கே அந்த வாளி பிறப்பால் விதிக்கப்பட்டது. கையால் மலம் அள்ளுவதை ஒழிக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம். அதற்குப் பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில், தமிழ்நாட்டிலும், ஆட்கள் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். 'திருப்பித் தரும் விதி' மண்ணுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கிலோக்கணக்கில் சொல்கிறது. சுமந்தவனுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

மாட்டுச் சாணிக்கு இந்த அசிங்கம் இல்லையே என்று சொல்லலாம். வாசலில் தெளிக்கிறோம். மார்கழியில் அதை உருண்டை பிடித்து, பூசணிப்பூ வைத்துப் பிள்ளையார் என்கிறோம். அதே சாணியைக் கீழத்தஞ்சையில் வேறு விதமாகவும் உபயோகித்திருக்கிறார்கள். வேலைக்குத் தாமதமாக வந்த, அல்லது எதிர்த்து ஒரு வார்த்தை பேசிய தலித் பண்ணையாளைச் சாணியைக் கரைத்துக் குடிக்கவைத்தார்கள். அதற்குச் சாணிப்பால் என்று பெயர். கூடவே சவுக்கடி. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் சங்கம் கட்டிப் போராடிய பிறகே இது நின்றது. மேரி டக்ளஸ் என்ற மானுடவியலாளர் 1966இல் வந்த 'ப்யூரிட்டி அண்ட் டேஞ்சர்' நூலில், அழுக்கு என்பது இடம் மாறி இருக்கும் பொருள் என்ற கருத்தை விரிவாக ஆராய்ந்தார். இந்தக் கருத்து நமக்கு உதவுகிறது, ஆனால் பாதி வழி வரைதான். சாணிக்கு வாசலும் ஒரு இடம், குழியும் ஒரு இடம். ஒரு மனிதனின் தொண்டையை அதற்கு இடமாக நிர்ணயித்தது எது? இடங்களைப் பங்கிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைச் சேர்க்காமல் புனிதம், அழுக்கு என்ற ஆராய்ச்சி எல்லாம் வெறும் அழகான வகைப்படுத்தலாக நின்றுபோகும்.

இன்று சாணி மறுபடியும் புனிதப் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. ஒரு நாட்டுப் பசு இருந்தால் 30 ஏக்கர் பயிர் செய்யலாம் என்கிறார் சுபாஷ் பாலேக்கர். நல்ல நாட்டுப் பசு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ சாணி போட்டால் வருஷத்துக்கு மூன்றரை டன். பழைய சிபாரிசுப்படி 30 ஏக்கருக்கு 150 டன் வேண்டும். நடுவிலுள்ள பள்ளத்தை நுண்ணுயிர்கள் நிரப்புகின்றன என்று பதில் வருகிறது. எனக்கென்னவோ அதைப் பசுவின் மகிமை நிரப்புவதாகத்தான் தெரிகிறது. எருமைச் சாணியையும் பன்றி எருவையும் யாரும் பாட்டிலில் அடைத்து விற்பதாகக் காணோம். நுண்ணுயிர்களுக்கோ ஜாதி பார்க்கத் தெரியாது. கணக்கு முடிகிற இடத்தில் பக்தி ஆரம்பித்தால், அங்கே உழைப்பு மறுபடியும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று அர்த்தம்.

கிடை போடுவதை இதற்கு மாற்றாகச் சொல்லத் தோன்றுகிறது. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் மந்தைகளோடு டெல்டாவுக்கு வருகிறார்கள். இரவில் தரிசு வயலில் ஆடுகளைப் பட்டி போட்டு அடைக்கிறார்கள். மறுநாள் அடுத்த பாத்தி. புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணிலேயே விழுகின்றன. குழியும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். மாட்டுத் தொழுவத்தில் தரையோடு வீணாகிற மூத்திரம், அதாவது விலங்கிலிருந்து வெளியேறும் நைட்ரஜனில் பெரும் பங்கு, இங்கே வீணாவதில்லை. இத்தனை ஆட்டுக்கு, இத்தனை இரவுக்கு இவ்வளவு என்று நெல்லாகவோ பணமாகவோ கூலி உண்டு. மண்ணுக்குள்ள கடனும் மனிதனுக்குள்ள கடனும் ஒரே ராத்திரியில் ஒரே வயலில் தீர்கிற ஏற்பாடு என்று இதைப் புகழலாம். புகழ்வதற்கு முன்னால் ஆடுகளுக்குப் பின்னால் நடந்து வருகிற சிறுவனையும் பார்க்க வேண்டும். கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளைக் கிடைக்கு அடகு வைத்த செய்திகள் இந்த நூற்றாண்டிலும் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்திருக்கின்றன. ஆகக் கிடையும் தானாகவே அறமாகிவிடாது. மண்ணோடு கொண்ட உறவு சுத்தமாக இருப்பதால் மனிதர்களோடு கொண்ட உறவும் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. இரண்டு கணக்குகளையும் தனித்தனியே எழுதித் தனித்தனியே நேர் செய்ய வேண்டியிருக்கிறது.

5

இப்போது உவமைக்கு வரலாம். தமிழில் உரம் என்றால் வலிமை, உரம் என்றால் எரு. இந்தச் சிலேடை நமது அரசியல் கவிதைக்கு மிகவும் வசதியாகப் போய்விட்டது. செத்தவர்கள் உரமாகிறார்கள், விதையாகிறார்கள், நாளை முளைக்கிறார்கள். மேடையில் இந்த வரிக்குக் கைதட்டல் நிச்சயம். இதை எழுதுகிறவர்களின் உணர்ச்சியை நான் சந்தேகிக்கவில்லை. அவர்கள் எருக்குழியைப் பார்த்ததில்லை என்பதுதான் என் சந்தேகம். பார்த்திருந்தால் நாற்றத்தையும், சூட்டையும், பாதி ஆவியாகப் போய்விடுவதையும், புரட்டுகிறவனின் கையையும், மாதங்களையும் தாண்டி முளைக்கு ஒரே பாய்ச்சலில் போயிருக்க முடியாது. அந்தப் பாய்ச்சலில் கவிதைக்கு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்கிறது.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தகராறின் முடிவில், ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதிகமும் பெண்களும் குழந்தைகளும். சாணிப்பால் குடித்த பரம்பரை அது. அவர்களைப் போராட்டத்தின் உரம் என்று ஒருவர் எழுதினால் என்ன செய்கிறார்? முதலாவதாக, சாணி தன்னை எருவாக்குவதற்குச் சம்மதமா என்று நாம் கேட்பதில்லை, கேட்கத் தேவையுமில்லை. மனிதனிடம் கேட்க வேண்டும். அந்த 44 பேரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டாவதாக, எரு என்பது அடுத்த விளைச்சலுக்காக இருப்பது. அதன் அர்த்தம் முழுக்க முழுக்க வேறொன்றில் இருக்கிறது. மனிதனின் அர்த்தத்தை அப்படி வேறொன்றுக்கு மாற்றி எழுத எந்த இயக்கத்துக்கும், எந்தக் கவிதைக்கும் பாத்தியதை கிடையாது. வயலில் உழைத்து உழைத்துப் பிறர் விளைச்சலுக்கு எருவாகவே நடத்தப்பட்டவர்களை, செத்த பிறகும் இன்னொருவர் விளைச்சலுக்கு எருவாக்குகிறோம். பண்ணையாரின் தர்க்கமும் இந்தக் கவிதையின் தர்க்கமும் ஒரே திசையில் போகின்றன என்பது கவிஞருக்குத் தெரியாமலே நடந்துவிடுகிறது.

ஆகவே என் முடிவு இது. 'எதுவும் வீணில்லை' என்பது பொருள்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கடமையின் சுருக்கம். வீணாகாமல் பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். காலமும் உழைப்பும் கொடு, கொடுக்கிறவர்களுக்குக் கூலி கொடு என்பதும் அதற்குள் அடக்கம். புரட்டும் வேலையில் தன் பங்கைச் செய்கிறவன் அதைச் சொல்லலாம். தன் சொந்த நஷ்டத்தைப் பற்றி ஒருவன் தனக்குள் சொல்லிக்கொள்வதையும் யாரும் தடுக்க முடியாது. மற்றவர் பட்டதைப் பற்றிச் சொல்லும்போது அது ஒரு தகவலும் இல்லை, கடமையும் இல்லை. கணக்கை அவசரமாக முடித்துவிடும் ஆசை மட்டுமே அதில் இருக்கிறது. மனித வாழ்க்கையில் வீணாகப் போனது உண்டு. எதுவாகவும் மாறாமல், யாருக்கும் பயன்படாமல், நஷ்டமாகவே நிற்பது உண்டு. அதை நஷ்டம் என்றே எழுதிவைக்கும் தைரியம் இலக்கியத்துக்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. திரும்பி வராது என்று தெரிந்துபோன கடனை ஒரு கட்டத்தில் ஐந்தொகையிலிருந்து நீக்கிவிடுவோம். இனி அது சொத்தாகக் காட்டப்படாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கடனே ரத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நீக்கிய கடன்களுக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. வாங்கியவனின் பெயரும் தொகையும் அதில் இருக்கும். தர வேண்டியவன் தர வேண்டியவனாகவே இருப்பான்.